கட்சி சேராத புல்

கத்தியைப் பிடிவரைக்கும் மண்ணில் இறக்குகிறார் எங்கள் கிளப் மைதானத்தைப் பராமரிக்கும் அக்கா. முதலில் கோல் கம்பத்துக்கு முன்னால், பிறகு நடுவட்டத்தில். வெறுங்காலோடு குந்தி, கத்தியைப் பிடுங்கி, ஒட்டிய மண்ணை முகர்ந்து பார்க்கிறார். சுலபமாக இறங்கினால் வேருக்கு மூச்சு விட இடமிருக்கிறது என்று அர்த்தம். கத்தி முரண்டு பிடித்தால் அன்றைக்கு அந்த இடத்தில் யாரும் கால் வைக்க முடியாது.

அது வீட்டில் காய் நறுக்கும் கத்தி. "என் தலையில முடி கொட்டுது, கேக்க ஆளில்ல. புல்லுக்கு மட்டும் தினமும் நாடி பாக்கறா" என்பார் பஸ் ஓட்டும் கணவர். "உங்க தலையைப் பாக்க யாரு டிக்கெட் வாங்கிட்டு வர்றா?" என்பது அக்காவின் பதில்.

இந்தக் கால்பந்து மைதானத்துக்குப் புல்லைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். நாலைந்து ரகங்களைப் பாத்தி கட்டி வளர்த்து, ஒவ்வொன்றிலும் கோல்கீப்பரை விழுந்து புரளச் சொன்னார். கிளப் ஆபீசுக்குப் பிடித்தது பளபளவென்ற அகல இலை. "போட்டோவுக்கா வளக்கறோம்? மிதி வாங்கிட்டு மறுநாள் எந்திரிக்கணும்" என்று தரையோடு படரும் மெல்லிய ரகத்தைப் போட வைத்தார்.

கோல்கீப்பருக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. "ஒரே இடத்துல நின்னு தவம் பண்றியா? வழுக்கை விழுது பாரு, தள்ளி நில்லு." பையன் பயந்து தள்ளி நின்றான். பந்து காலியான பக்கமாக உள்ளே போய்விட்டது. "கோல்தானே, திருப்பி போட்டுக்கலாம் விடு" என்று நகர்ந்துவிட்டார் அக்கா.

போன வாரம், ஆட்டத்தன்று காலை, கோச் வந்தார். ஒவ்வொரு சீசனும் அக்காவின் வேலை நீடிப்பது அவர் ஒரு வார்த்தை சொல்வதில்தான் இருக்கிறது.

"இன்னிக்குப் புல்லை வெட்டாதீங்க. தண்ணியும் வேணாம். வர்றவங்க பந்தை விறுவிறுன்னு தட்டி ஆடுறவங்க. நீளமா, காஞ்சு கிடந்தா பந்து தங்கும்."

"உங்க ஆளுங்களுக்கு ஓட வரலைன்னா, அதுக்குப் புல்லு உங்க பக்கம் சேந்து ஆடணுமா சார்?"

"நம்ம கிளப் சம்பளம்தானே வாங்கறீங்க?"

"சம்பளம் எனக்கு. புல்லுக்கு இல்ல. அது எந்தக் கட்சியும் சேராது."

"அடுத்த சீசன் இங்க இருக்கணுமா வேணாமா, யோசிச்சுக்கோங்க."

"இருந்தா அடுத்த சீசனும் வெட்டுவேன். இல்லைன்னா இன்னிக்கு வெட்டிட்டுப் போறேன்."

நான் உட்கார்ந்திருந்த டிக்கெட் கவுண்டர் ஜன்னலிலிருந்தே கோச்சின் கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. அக்கா புல்வெட்டும் மெஷினைக் கிளப்பினார். கோச் நேராக வந்து பாதையை மறித்து நின்றார். அக்கா மெஷினைத் திருப்பினார். மரத்தைச் சுற்றிப் போவதுபோல அவரைச் சுற்றி வளைத்து வெட்டிக்கொண்டு போனார். ஒரு சுற்று, மறுபடி ஒரு சுற்று. வெட்டிய பச்சையின் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு நீளப் புல்லும் அதில் கோச்சும் மிச்சம். கேலரி பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ சிரித்துவிட்டார்கள்.

"இது உங்களுக்குக் கடைசி ஆட்டம்" என்று சொல்லிவிட்டு கோச் விறைப்பாக வெளியேறினார்.

அக்கா அந்தத் தீவையும் வெட்டி முடித்தார். கோச்சின் ஷூ அழுத்திய இரண்டு தடங்களில் மட்டும் புல் படுத்தே கிடந்தது, பிளேடுக்கு எட்டவில்லை. மெஷினை நிறுத்தி மண்டியிட்டார். படுத்த நுனிகளை விரலால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, கத்தரிக்கோலால் மற்றவற்றின் உயரத்துக்கு வெட்டினார்.