பிரேக் சிலிண்டரும் ஒரு பொய்யும்

போன ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபாலில் ஒரு கல்யாணம். பந்தியில் ரசத்துக்குச் சோற்றில் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். எதிரில் ஒருவர் வந்து நின்றார். நாற்பதைத் தாண்டிய வயது.

"என்னைத் தெரியுதா? டிரைவர் சுப்பையா மகன்."

எழுந்திருக்கப் போனேன். விடவில்லை.

"உக்காருங்க, சாப்பிடுங்க. அம்மா போன மாசம் தவறிட்டாங்க. சாகற வரைக்கும் ஒரே பேச்சுதான் லா... உங்க ரிப்பேராலதான் எங்கப்பா போனாருன்னு."

பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் என்ன சொன்னேன் என்கிறீர்கள்? ஒன்றுமே சொல்லவில்லை! வாராவாரம் பத்திரிகையின் இந்த மூலையில் வாய் கிழியப் பேசுகிறவன், இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். ஜார்ஜ் டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறையில் நான் மெக்கானிக்; முதலாளியைத் தவுக்கே என்போம். சுப்பையா அண்ணன் ஓட்டியது, ராணுவம் பிடுங்கிக்கொண்ட ஒரு பழைய லாரி. ஒருநாள் காலையில் அதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வலது பின்சக்கரத்து பிரேக் சிலிண்டர் ஒழுகி, டயரெல்லாம் எண்ணெய். மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போகிறது.

"நாளைக்கு ஃபெரியில கடல் தாண்டி அக்கரைக்குப் போவணும் தம்பி. தோட்டத்துல ஆளுங்கள ஏத்தி, பிறை ஸ்டேஷன்ல விடணும்."

எந்த ஆட்கள், எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில் கட்டாய வேலைக்கு. அதுவரை போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

"ரிப்பேர் ஆவாதுன்னு சொல்லிடவா அண்ணே?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"சொன்னா மட்டும் விட்டுடுவானா? பிரேக் இல்லாமலே ஓட்டுடாம்பான். பின்னால முப்பது பேரு நிப்பாங்க தம்பி. கவுந்தா?"

சிலிண்டரைக் கழற்றினேன்.

எவனோ பிரேக் எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயை ஊற்றியிருந்தான். உள்ளே எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கப் ஊறிப் பொதபொதவென்று கிடந்தது. சுற்றிலும் ரப்பர் தோட்டம்... விரல் அகலத்துக்கு ஒரு ரப்பர் கப் கிடைக்கவில்லை! கடைசியில் தவுக்கேயின் சைக்கிள் பம்பைப் பிரித்து, அதிலிருந்த தோல் வாஷரை எடுத்தேன். விளக்கெண்ணெயில் ஊறவைத்து, ஓரத்தைச் சீவி, சிலிண்டருக்குள் பொருத்தினேன். பிரேக்குக்கும் விளக்கெண்ணெய்தான். அண்ணன் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க மிதிக்க, நான் கீழே படுத்து, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினேன்.

சோதித்துப் பார்க்கத் தெருவில் ஓட்டினார். ஒரே மிதி. பக்கத்தில் இருந்த நான் முன்கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

"நல்லா நிக்குது லா," என்றவர், வீங்கிய என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நன்றாக அமைந்துவிட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள், அவருக்குப் பின்னால் இன்னொரு லாரி ஓட்டிப் போனவர் பட்டறைக்கு வந்து சொன்னார்.

"ரோட்டுல ஒண்ணுமே இல்ல தம்பி. மாடு இல்ல, மனுஷன் இல்ல. திடீர்னு ஒரே மிதி! காவலுக்கு நின்ன சிப்பாய் குப்புற விழுந்தான். ஒருத்தன் குதிச்சு ரப்பர் காட்டுக்குள்ள ஓடிட்டான். நாய் குறுக்க வந்துச்சுன்னு சுப்பையா கும்பிட்டாரு. பிறையில எண்ணிப் பாத்தா ஒரு ஆள் குறையுது. 'நீ ஏறு'ன்னு அவரையே ரயில்ல ஏத்திட்டான்."

தப்பியவன் யார்? அண்ணனுக்குத் தெரிந்தவனா? யாருக்கும் தெரியாது.

மறுவாரம் அண்ணனின் மனைவி இடுப்பில் குழந்தையோடு பட்டறைக்கு வந்தார்.

"ரோட்டுல ஒண்ணும் இல்லங்கறாங்களே தம்பி... நீங்க செஞ்ச பிரேக் தானாப் பிடிச்சிக்கிச்சா? இல்ல, அவரே மிதிச்சாரா?"

அவரே மிதித்தார் என்றால் என்ன அர்த்தம்? முன்பின் தெரியாத ஒருவனுக்காக உங்களையும் பிள்ளையையும் விட்டுவிட்டார் என்று அர்த்தம். அது மட்டுமா? அந்தப் பேச்சு ஜப்பான்காரன் காதில் விழுந்தால், அடுத்து அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான்.

"தானாத்தான் பிடிச்சிச்சுக்கா. என் வேலை சரியில்ல."

அவர் அழவில்லை. என் காலடியில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்.

ஜப்பான்காரன் போன பிறகாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனேன். என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார். உள்ளே திட்டும் குரல் கேட்டது. அந்தக் கோபத்தில்தான் அவர் எழுந்து நடமாடுகிறார் என்று தோன்றியது. திட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பதும் ஒரு துணைதானே! திரும்பிவிட்டேன். அதில் என் கோழைத்தனமும் பாதி உண்டு.

இப்போது அந்த அக்கா இல்லை. இனி யாருக்காக மறைப்பது?

தம்பி, இதைப் படிப்பீர்களோ, மாட்டீர்களோ... அந்த பிரேக்கில் ஒரு பழுதும் இல்லை. மிதித்தது உங்கள் அப்பா.