ஏழாம் வகுப்பில் நான் வாங்கிய நல்ல பெயர்

பிள்ளைக்குப் பாடம் வருகிறதோ இல்லையோ, நோட்டில் வந்துவிட வேண்டும் என்பதுதான் ஆசிரியப் பயிற்சியின் முதல் விதி. என்னோடு பாடுபட்டுக்கொண்டிருக்கும் பி.எட். மக்களுக்கு இதை விளக்க வேண்டாம். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் கண்டக்டராக ஓய்வு பெற்று, அறுபத்தொன்றாம் வயதில் உங்கள் கூட்டத்தில் வந்து ஏறியவன் நான். மேலப்பாளையத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பயிற்சிக்குப் போட்டார்கள்.

நரைத்த தலைக்கு வந்த இளநீர்

முதல் நாள் நான் படியேறியதும் பள்ளியே ஆடிப்போனது. தலைமையாசிரியை ஓடிவந்து நாற்காலி போட்டார். ஒரு டீச்சர் புதுமுறைக் கற்றல் அட்டைகளை அப்போதுதான் உறை பிரித்துப் பரப்பினார். வாசிக்கத் திணறும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வாளியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கிளம்பிவிட்டார்கள். யாரும் சொல்லவே இல்லை, அவ்வளவு பழக்கம்.

வந்த இளநீரைக் குடித்து முடித்த பிறகுதான், நான் ஆய்வு அதிகாரி இல்லை, பயிற்சிக்கு வந்தவன் என்றேன். தலைமையாசிரியை சொன்னார்: "இளநி வெட்டுததுக்கு முன்னால சொல்லியிருக்கக் கூடாதா அண்ணாச்சி?"

அடுத்த பக்கம்

வாளி தூக்கியவர்களில் ஒருத்தி ரஹ்மத், ஏழாம் வகுப்பு. எழுத்துத் தெரியும், இரண்டைச் சேர்த்தால் திக்கிவிடுவாள். நான் எழுதிய பாடத்திட்டங்களை அடுக்கினால் தாமிரபரணிக்கு இன்னொரு அணைக்கட்டு ஆகும். வெட்டிய சார்ட்டில் பாளையங்கோட்டைக்கே பந்தல் போடலாம். அவளோடு உட்கார அரைமணி நேரம்தான் கிடைக்கவில்லை.

பிள்ளைகளின் வாசிப்பைப் பதிவு செய்யும் பள்ளிச் செயலியில் அவள் பெயருக்கு நேரே 'சரளமாக வாசிக்கிறாள்' என்று பதிவாகியிருந்தது. வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். "புது முறையில எல்லாப் பிள்ளையும் வாசிக்கும் சார். வாசிக்கலைன்னு போட்டா, ஏன் எதுக்குன்னு கேள்வி வரும். அதை யாரு எழுத?"

விரல் முந்திய வரி

பாபநாசம் ஏற்றத்தில் என் பஸ்ஸை யானை தள்ளிய கதையை வகுப்பில் விட்டிருந்தேன். ரஹ்மத் அதை மறுநாள் என் இருமலோடு சேர்த்து அப்படியே ஒப்பித்தாள். அந்தக் காது எனக்குப் பயன்பட்டது. என் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து தேர்வாளர் வருவதற்கு முன் மூன்று நாள், ஒரே பக்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அரைமணி நேரம் அதற்கு மட்டும் கிடைத்தது.

அன்றைக்கு அவளைத்தான் எழுப்பினேன். மணி மணியாகச் சொன்னாள். விரல் மட்டும் வாயை விட இரண்டு வரி முந்திப் போய்க்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்தது. தேர்வாளர் என் கையைப் பிடித்தார்: "கடைசி பெஞ்சுப் பிள்ளையையே இப்படி வாசிக்க வச்சிட்டீங்களே!"

கடைசி நாள்

பிள்ளைகள் பேனாவும் மிட்டாயும் கொடுத்தார்கள். ரஹ்மத் புத்தகத்தோடு வந்தாள். கையெழுத்துக் கேட்கிறாள் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன். அவள் அடுத்த பாடத்தைத் திறந்தாள்.

"சார், இதையும் ஒருக்கா வாசிச்சுக் காட்டிட்டுப் போங்க. இன்னொரு சார் வந்து கேட்டா நான் என்னத்த வாசிக்க?"

முப்பது வருஷமாக டிக்கெட் எடுக்காதவனைத்தான் பாதி வழியில் இறக்கிவிட்டேன். டிக்கெட் எடுத்த பிள்ளையை இறக்கிவிட நான் வாத்தியாராக வேண்டியிருந்தது.