வேரழுகல் ஆராய்ச்சியும் என் இன்ஸ்டலேஷன் பாடுகளும்

மென்பொருள் நிறுவுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், பயோஇன்ஃபர்மேடிக்ஸ் மென்பொருளை ஒரு தடவைகூட நிறுவிப் பார்க்காதவர்கள். பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம்; பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்து அழலாம்.

கோவில்பட்டியை ஒட்டிய ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் நான். முத்துச்செல்வி அங்கே பிஎச்.டி. செய்த பெண். நாகலாபுரம் பக்கத்துக் கரிசலில் உளுந்துச் செடி பூக்கிற நேரமாகப் பார்த்து வேர் அழுகிச் சாகிறதே, அதற்கு எந்தப் பூஞ்சை காரணம் என்பது அவள் ஆராய்ச்சி. மண்ணை அள்ளி, அதிலிருக்கிற டி.என்.ஏ.வைப் படித்துத் தரச் சொல்லி வெளியூருக்கு அனுப்புவாள். கோடிக்கணக்கான எழுத்துகள் திரும்பி வரும். அதில் எது எந்தப் பூஞ்சை என்று பிரித்துச் சொல்ல மென்பொருள் வேண்டும். அதை நிறுவ நான் வேண்டும்.

தனித்தனி ஷெட்

முதல் மென்பொருளை நிறுவினேன், ஓடியது. இரண்டாவதை நிறுவினேன், அதுவும் ஓடியது. ஆனால் முதலாவது படுத்துவிட்டது. இரண்டுக்கும் ஒரே துணை மென்பொருள்தான் தேவை. ஒன்றுக்குப் பழையது, இன்னொன்றுக்குப் புதியது. ஒரு வாரம் நடுவில் நின்று பஞ்சாயத்துப் பண்ணிப் பார்த்தேன். இரண்டும் மசியவில்லை. கடைசியில் ஒவ்வொன்றுக்கும் தனி என்விரான்மென்ட் போட்டேன். ஒரே கம்ப்யூட்டருக்குள் ஆளுக்கொரு அறை, அவரவர் சாமான் அவரவர் அறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் கல்லூரிக் கமிட்டியிலிருந்து ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி லேபைப் பார்க்க வந்தார். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி அவருக்கு இதை அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல என்ன தம்பி இருக்கு? நம்ம ஆபீஸ்ல மருந்து கலக்குத ஷெட்டு தனி, பெட்டி அடைக்குத ஷெட்டு தனி. ஒண்ணு பத்திக்கிட்டா இன்னொண்ணு தப்பிக்கணும்லா!"

ஆயுத பூஜை

எல்லாம் சரியாகி, ஆறு நாள் இடைவிடாமல் ஓட வேண்டிய வேலையை முத்துச்செல்வி தொடங்கினாள். 'தயவுசெய்து அணைக்காதீர்கள்' என்று எழுதித் திரையின் மேலேயே ஒட்டிவைத்தாள். ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. எங்கள் இருவருக்கும் அன்று விடுமுறை. லேப் உதவியாளர் சங்கரபாண்டி அண்ணாச்சிக்குப் பூஜை.

மறுநாள் வந்து பார்த்தால் லேப் பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அவள் எழுதி ஒட்டிய காகிதத்துக்கும் ஒரு பொட்டு. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மட்டும் ஓடவில்லை. முத்துச்செல்வி ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டாள். நான் என்ன அண்ணாச்சி இது என்று எகிறினேன். அவர் பொரிகடலைத் தட்டை நீட்டினார்: "வருசம் பூரா ஓடுத மிஷினு சார். பூசையன்னிக்கு ஒரு நாளாவது கண்ணசரட்டும்னு நாந்தான் அமத்துனேன். எடுத்துக்கோங்க."

நான் செய்த சுத்தம்

சங்கரபாண்டி அண்ணாச்சியிடம் எகிறிய வாயால் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆறு நாள் வேலையை முதலிலிருந்து ஓட்டி முடித்து, முத்துச்செல்வி ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். கம்ப்யூட்டரில் இடமில்லை. முடிந்துபோன வேலைதானே என்று அவளுடைய என்விரான்மென்ட்களை எல்லாம் அழித்துத் துடைத்தேன். எதில் எந்த வெர்ஷன் இருந்தது என்று ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. அதே எண்கள் மறுபடியும் வருகின்றன என்று ஒரு மாதத்துக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வேட்டையை மறுபடி எழுத வேண்டும். எல்லாவற்றையும் கிடைத்த புது வெர்ஷனில் நிறுவி ஓட்டினேன். முதல் குற்றவாளி என்று அவள் எழுதியிருந்த பூஞ்சை மூன்றாம் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டாள்: "அப்போ நாலு வருசமா பொய் சொன்னது யாரு அண்ணாச்சி? நானா, மிஷினா, நீங்களா?"

ஏச்சும் பேச்சும்

பழைய வெர்ஷன் எண்கள் எங்கேயாவது இருக்குமா என்று தேடாத இடமில்லை. மூன்றாம் நாள் முத்துச்செல்வி தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவை மென்பொருள் மக்கர் பண்ணும்போதும் திரையைப் போட்டோ எடுத்து, கீழே என்னை நாலு வார்த்தை திட்டி அனுப்புவது அவள் வழக்கம். நான் மானம் கருதி அப்போதைக்கப்போதே அழித்துவிடுவேன். அவள் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. கோணல்மாணலான அந்தப் போட்டோக்களின் மூலையில் மென்பொருளின் பெயரும் வெர்ஷன் எண்ணும் இருந்தன.

அவள் வாசிக்க, நான் எழுதினேன். ஓர் எண்ணை மட்டும் அவள் கட்டைவிரல் மறைத்திருந்தது. அதற்கு மட்டும் ஒவ்வொரு வெர்ஷனாகப் போட்டுப் பார்த்தோம். ஐந்தாவது வெர்ஷனில் பழைய எண்கள் அப்படியே வந்தன. புதியதும் பொய் சொல்லவில்லை. அவள் சொன்ன ஒரே பூஞ்சையை அது மூன்று பெயரில் பிரித்து எண்ணியிருந்தது. கூட்டிப் பார்த்தால் அதுதான் முதல் இடம். இந்தத் தடவை மென்பொருள், துணை மென்பொருள், பூஞ்சைப் பெயர்ப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு கண்டெய்னருக்குள் வைத்து மூடி, எந்தக் கம்ப்யூட்டரிலும் அப்படியே ஓடுகிற மாதிரிப் பேராசிரியருக்கு அனுப்பினோம். அவர் கம்ப்யூட்டரிலும் அதே எண்கள். பதிலைப் படித்துவிட்டு முத்துச்செல்வி சொன்னாள்: "நான் உங்கள ஏசினதுல ஒண்ணுகூட வீண்போகல, பாத்தீங்களா?"

அவையில் ஒரு கேள்வி

வாய்மொழித் தேர்வு அன்று கூடம் நிறைந்திருந்தது. அந்தப் பேராசிரியரே வந்து கேள்விகள் கேட்டார். அவளும் தடுமாறாமல் சொன்னாள். முடிவில், அவையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். வழக்கமாகத் தோழி ஒருத்தி எழுந்து, முன்பே பேசிவைத்த கேள்வியைக் கேட்பாள். அன்று கடைசி வரிசையிலிருந்து முத்துச்செல்வியின் அப்பா எழுந்தார். "எனக்கு இந்த இங்கிலீசெல்லாம் புரியல. நம்ம மேக்குப் புஞ்சையிலயும் மண்ணு அள்ளிட்டுப் போனாள்லா, அங்கன இந்த வருசம் உளுந்து போடலாமா, வேண்டாமா?"

கூடம் சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை, அவள் பக்கம் திரும்பி, பதில் சொல்லுங்கள் என்றார். அவள் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள், "வேண்டாம்ப்பா. அங்கனதான் அந்தப் பூஞ்சை ரொம்பக் கூடுதல். ரெண்டு வருசத்துக்குக் கம்பு போடுங்க." அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்: "அப்போ சரி, இவிய பட்டத்தக் குடுக்கட்டும். நான் கம்பு விதைக்குச் சொல்லிட்டு வாரேன்."

ஆக, நாலு வருடம் நாங்கள் நிறுவியது, அழித்தது, மறுபடி நிறுவியது எல்லாம் ஒரு புஞ்சையில் கம்பு முளைப்பதற்காகத்தான், அதுவும் மழை பெய்தால்.