வராத உச்சம்

தொலைதூர விண்மீன் மண்டலங்கள் சிலவற்றின் நடுப்பகுதி எப்போது பிரகாசமாகிறது, எப்போது மங்குகிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. அங்கே இருக்கும் பெரிய கருந்துளைக்குள் வாயு விழ விழ, வெளிச்சம் கூடும், குறையும். நான் தொலைநோக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. வெளிநாட்டுத் தொலைநோக்கிகள் பொதுவில் வெளியிடும் ஒளி அளவுகளை எடுத்து, நீலாய் நகரில் ஒரு பல்கலைக்கழக அறையில் பட்டப்பகலில் கோடு வரைவேன்.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில் ஒரு மண்டலம் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய அளவுகளில், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அது பிரகாசமாவதுபோல் தெரிந்தது. மூன்று உச்சங்கள். நடுவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று முடிவு கட்டினேன். மூன்று உச்சம் போதாது, ஒழுங்கில்லாத வெளிச்சமும் சில காலம் ஒழுங்குபோல் ஏமாற்றும் என்றார் என் பேராசிரியர். நான் கேட்கவில்லை. அடுத்த உச்சம் மார்ச்சில் வரும் என்று கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அம்மாவிடமும் சொன்னேன். கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில், முதுகில் தொட்டியைச் சுமந்து செம்பனை மரங்களுக்கு இடையே களைமருந்து அடிப்பவள் அவள். "எம் மவ சொன்னா மார்ச்சுல ஒரு வெள்ளி பெருசாவும்," என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாம் சொல்லி வைத்தாள். அவளுக்கு வானத்தில் மினுங்குவதெல்லாம் வெள்ளிதான்.

டிசம்பரில் வறட்டு இருமல் தொடங்கியது. வாசல் படி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்கினாள். தோட்டத்துக் கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

"சிரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்மா."

"ஒனக்கு வேலை இருக்குல்ல. அந்த வெள்ளி வரட்டும் லா, அப்புறம் பாத்துக்கலாம்."

அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. சரி என்றேன்.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் அந்த மண்டலம் சூரியனுக்குப் பின்னால் மறைந்திருந்தது. எந்த அளவும் வராது. அம்மாவை அழைத்துப்போக இரண்டு முழு மாதங்கள் இருந்தன. அவற்றை, இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில் கழித்தேன்.

மார்ச் முதல் வாரம் முதல் புள்ளி வந்தது. மங்கலாக இருந்தது. பிழை என்று நினைத்து வேறொரு தொலைநோக்கியின் அளவைத் தேடினேன். அதுவும் மங்கல். அடுத்த வாரம் இன்னும் கீழே இறங்கியது. அன்று மதியம் அப்பா கூப்பிட்டார்.

"அம்மாவால மூச்சே விட முடியல. பக்கத்து வீட்டுக் காடியில, பின்சீட்டுல ஏத்திட்டோம். நீ நேரா பெரியாஸ்பத்திரிக்கு வந்துரு."

நுரையீரல் இரண்டும் தழும்பேறி இறுகிவிட்டன என்றார் டாக்டர். எத்தனை மாதமாக இருமுகிறார் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான்தான் பதில் சொன்னேன்.

அம்மா ஆக்சிஜன் முகமூடியைக் கையால் தூக்கினாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றாள். மூச்சு போதவில்லை. ஒன்பதாம் நாள் இறந்தாள்.

அவள் வேலைக்காகக் கொடுத்திருந்த வீட்டைத் தோட்ட நிர்வாகம் திரும்பக் கேட்டது. அப்பா என்னோடு நீலாய்க்கு வந்து, ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலையில் சேர்ந்தார். அந்த மண்டலத்தில் தாளம் எதுவும் இல்லை என்று ஆய்வேட்டில் எழுதினேன். நேர்மையான முடிவு என்று பேராசிரியர் பாராட்டினார். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்கக் கூசியது.

ஒருநாள் காலை அப்பா என் கணினித் திரைக்கு முன்னால் நின்றார்.

"இதுதான் அந்த வெள்ளியா? கோடு கீழேல்ல போவுது?"

"ஆமாம்ப்பா. அது வரவே இல்ல."

"அவகிட்ட வந்துச்சுன்னு சொன்னியே."

"ஆமா."

அப்பா சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். அன்றிலிருந்து இருவரும் சமையல், பஸ், மழை என்றுதான் பேசிக்கொள்கிறோம். என் ஆராய்ச்சியைப் பற்றி அவர் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.