கிம் சாரின் குதியும் என் அரை ஸ்விங்கும்

முதல் நாள்: பக்கெட்டும் ஹெல்மெட்டும்

ரேணிகுண்டாவிலிருந்து ஏர்பேடு போகும் வழியில், மாந்தோப்பாக இருந்த நிலத்தில் பாதியைச் சமன் செய்து கோல்ஃப் டிரைவிங் ரேஞ்ச் ஆக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் வரிசையாக நின்று பந்து அடிப்பார்கள். எதிரே புல்வெளியில் நூறு, நூற்றைம்பது, நூற்றெண்பது என்று யார்டு கணக்குப் போர்டுகள் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டி, கையில் ஒரு பக்கெட்டைக் கொடுத்து, அடித்த பந்துகளைப் பொறுக்கி வா என்று அனுப்பினார்கள். அடிப்பவர்கள் நிறுத்திய பிறகு போனால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. நான் புத்தூர் பக்கத்துக்காரி, சொன்ன வேலையைச் செய்துவிடுவேன். நேராக நடந்துபோய்ப் பொறுக்க ஆரம்பித்தேன். பந்துகள் காதோரம் விர்ரென்று பறந்தன.

"ஏம்மா, சாவறதுக்கு வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்று ஒரு பெண் கத்தினாள். ரிசப்ஷனில் இருந்த கௌரி. நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் உண்மையைக் கத்திச் சொல்லும் வேலையை அவள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் ரேஞ்சுக்குக் கோச் என்று யாரும் கிடையாது. சித்தூர்க்காரரான எங்கள் ஓனர் சேகர் சாருக்கே ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. மாலையில் கஸ்டமர்கள் போன பிறகு, தோல் உரிந்த பழைய பந்துகளை நாங்கள் அடித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அவர் செய்த பெரிய நல்ல காரியம் அது.

பார்த்துப் பார்த்துக் கற்றது

எங்களுக்குப் பாடமெல்லாம் கஸ்டமர்கள்தான். யார் நன்றாக அடிக்கிறார்களோ அவர்களைப் பார்த்து அப்படியே செய்வோம். எல்லோரையும் விட நன்றாக அடிப்பவர் கிம் சார். தடா பக்கம் ஒரு ஃபேக்டரியில் இன்ஜினியர், கொரியாக்காரர். அவர் பந்தை அடித்து முடிக்கும்போது இடது காலில் ஒரு சின்னக் குதி குதிப்பார். பந்து நூற்றெண்பது போர்டைத் தாண்டிப் போகும். அந்தக் குதியில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று நாங்கள் முடிவு கட்டினோம். பந்து பொறுக்குபவர், புல் வெட்டுபவர், வாட்ச்மேன் எல்லோரும் குதித்தோம். மாலையில் வெளியாள் யாராவது வந்து பார்த்திருந்தால், தோப்பில் எறும்புப் புற்றை மிதித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்.

நான் அத்தோடு நிற்கவில்லை. திருப்பதியிலிருந்து வரும் டாக்டரம்மா லதா, அடிப்பதற்கு முன் ஸ்டிக்கை இரண்டு முறை ஆட்டுவார். அதையும் எடுத்துக்கொண்டேன். ஏர்போர்ட் அதிகாரி ஒருவர் தலையைச் சாய்ப்பார், அதுவும் என்னிடம் வந்தது. ஸ்டிக்கைப் பின்னால் கொண்டுபோகும்போது கையை வானத்துக்குத் தூக்கும் பேக்ஸ்விங்கை வேறொருவரிடமிருந்து எடுத்தேன். ஸ்டிக்கை வீசும் என் ஸ்விங் கல்யாண ஊர்வலம் போல இருக்கும். ஆடிப் பாடி வந்து சேர்வதற்குள் பந்துக்கே அலுத்துவிடும். தூரம் அடிப்பதற்கான டிரைவர் ஸ்டிக்கை எடுத்து உயிரைக் கொடுத்து அடித்தாலும் பந்து நூற்றைம்பது போர்டுக்கு முன்னால் வலப்பக்கம் வளைந்து மாமரங்களுக்குள் போய்விடும். அப்படி வளைவதை ஸ்லைஸ் என்பார்கள்.

ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்குக் கிரிப் பிடிக்கக் காட்டுவதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. பெண்கள் வந்தால் "வசந்தம்மா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். சேகர் சார் ஒருநாள் கூப்பிட்டு, "கோச் ஒருத்தர போடணும் வசந்தம்மா. நீயே இருந்துடு" என்றார். அன்று நான் வீட்டுக்குத் தரையில் கால் பாவாமல் போனேன்.

கொள்ளுக் கொடி

அந்தத் தையில் கார்வேட்டிநகரம் ரோட்டில் ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் கொள்ளு அறுத்ததும் கொடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று. நானும் பரப்பியிருக்கிறேன், ஆகவே யாரையும் திட்டும் உரிமை எனக்கு இல்லை. சக்கரம் வழுக்கியது. வலது தோள் முதலில் தரையில் பட்டது.

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குக் கட்டுப் போடப் போனோம். தோளை இடத்தில் உட்காரவைத்து, மருந்து தடவி, மூங்கில் பத்தை வைத்து, மேற்கையை விலாவோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். சோறு ஊட்டியது என் வீட்டுக்காரர்தான். "பொறுமையா துன்னு, பந்து எங்கயும் ஓடிப் போவாது" என்றார். ஓடித்தான் போகும் என்று எனக்குத் தெரியும். கோச் வேலை போய்விடுமோ என்ற பயம் தோள்வலியை விடப் பெரிய வலியாக இருந்தது.

கட்டைப் பிரித்த பிறகு கை காதுக்கு மேல் ஏறவில்லை.

உகாதி வரைக்கும்

ரேஞ்சுக்குத் திரும்பிய அன்றே சேகர் சார் முன்னால் ஒரு பந்து அடித்தேன். ஸ்டிக்கை ஆட்டினேன், தலையைச் சாய்த்தேன், கையைத் தூக்கினேன். தோளில் மின்னல் அடித்தது. பந்து தரையில் உருண்டு நின்றது. வரிசையில் இருந்தவர்கள் மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள்.

"தப்பா நெனச்சிக்காதே வசந்தம்மா" என்றார் அவர், பாதி தெலுங்கு கலந்து. "கோச்சுன்னா அட்ச்சி காட்டணும் காதா? சென்னைலருந்து ஒரு ஆள வரச் சொல்றேன். நீ பழையபடி பந்து பொறுக்கிக்கோ. நேனு ஏம் சேயாலி, நான் இன்னா பண்றது, சொல்லு?"

"உகாதி வரைக்கும் டைம் குடுங்க சார். அட்ச்சி காட்டறேன். முடியலன்னா நானே பக்கெட்ட தூக்கினு போறேன்."

அவர் தலையை ஆட்டினார். அதில் நம்பிக்கை ஒன்றும் இல்லை.

"இதுல நீ எங்க கீற?"

கௌரி தன் போனில் என் பழைய ஸ்விங் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினாள்.

"நல்லா பாருக்கா. ஆட்றது டாக்டரம்மா. சாயறது ஏர்போர்ட்டு சார். குதிக்கறது கிம்மு. ஊரே கீது. இதுல நீ எங்க கீற?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் சொன்னது சரி என்று அர்த்தம். "மத்தது போவட்டும்டி, குதிய எப்பிடி வுடறது? அதுலதான் தூரமே கீது" என்றேன்.

"அத அவரையே கேளு."

கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டு, புரியாது என்று குதித்தும் காட்டினேன். கிம் சார் முதலில் விழித்தார். பிறகு இடது கால் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். நீளமாக ஒரு தழும்பு இருந்தது.

"ஆபரேஷன்" என்றார். "பெயின். ஜம்ப், நோ யூஸ்!"

அவருக்குக் கால் வலிக்கிறது, எடையைக் காலிலிருந்து எடுக்கத் துள்ளுகிறார். அவர் வலியைத்தான் நாங்கள் இத்தனை காலமும் ஒழுங்காகப் பயிற்சி செய்திருக்கிறோம். கௌரி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு பந்து அடிக்கும் இடத்தில் போய் நின்றேன்.

அன்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டேன். ஸ்டிக்கை ஆட்ட வேண்டாம். சாய்வு வேண்டாம். குதி வேண்டாம். கை மேலே போகாது, சரி, அதுவும் வேண்டாம். மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், கட்டுப் போட்ட பழக்கத்தில் மேற்கை இன்னும் விலாவை விட்டு நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டேன். கையால் தூக்காமல் மார்பைத் திருப்பினேன். கையும் ஸ்டிக்கும் அதோடு கூடவே போயின. ஸ்டிக் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே போனதும் அதே வழியில் திரும்பி வந்தேன்.

சத்தமே வேறாக இருந்தது. வழக்கமான 'டொக்' இல்லை, சுத்தமான ஒரு 'டக்'. பந்து நேராகப் போனது. வாழ்க்கையில் முதல்முறையாக என் பந்து மாமரத்தைப் பார்க்காமல் போனது!

"அக்கா, இன்னொன்னு அடி!" என்று கௌரி எழுந்துவிட்டாள்.

மேற்கை விலகாமல் இருக்க அக்குளில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டு பழகினேன். துண்டு விழுந்தால் அந்த அடி தப்பு. தூரம் குறையும் என்று பயந்திருந்தேன். குறையவில்லை, கூடியது. பெரிய ஸ்விங்கில் என் பலத்தில் பாதி வழியிலேயே சிந்திக்கொண்டிருந்தது. சின்ன ஸ்விங்கில் பந்து ஸ்டிக்கின் நடுவில் பட்டது. நடுவில் பட்டால் தூரம் தானாக வரும்.

மூன்று பந்து

உகாதிக்கு முந்தின ஞாயிறு காலை, சேகர் சார் நூற்றைம்பது போர்டுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கழி நடச் சொன்னார். "மூணு பந்து. ரெண்டு அந்தக் கழிங்க நடுவுல தாண்டிப் போவணும்" என்றார். கிம் சார், டாக்டரம்மா, புல் வெட்டுபவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சென்னைக் கோச்சின் நம்பர் சேகர் சார் போனில் தயாராக இருந்தது.

முதல் பந்து. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று தலை தானாகச் சாய்ந்தது. பந்து வலப்பக்கம் வளைந்து பழைய மாமரத்துக்கே போனது. யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"ஊர வெளிய அனுப்புக்கா!" என்று பின்னாலிருந்து கௌரி கத்தினாள்.

அனுப்பினேன். இரண்டாவது பந்து இரண்டு கழிகளுக்கும் நடுவில், நூல் பிடித்தது போலப் போனது. சேகர் சார் போனைப் பாக்கெட்டில் போட்டார்.

மூன்றாவது பந்தை வைக்கும்போது தோள் விண்ணென்றது. ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டேன். திரும்பினேன், வந்தேன், அடித்தேன். 'டக்'. பந்து கழிகளைத் தாண்டியது. நூற்றைம்பது போர்டுக்கு அப்பால் விழுந்து, ஓடி, நூற்றெண்பது போர்டையும் தாண்டி நின்றது. ஒருகாலத்தில் கிம் சாரின் பந்துகளை நான் குனிந்து பொறுக்கிய இடம் அது.

கிம் சார் இரண்டு காலாலும் குதித்தார், வலியையும் மறந்து. நான் அழுதேன், சிரித்தேன், கௌரியைக் கட்டிப் பிடித்தேன். தோள் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

சேகர் சார் பக்கத்தில் வந்து, "சால பாகுந்தி, கோச் மேடம்" என்று தெலுங்கில் பாராட்டினார். அதுவரை என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

இப்போது கற்க வருகிறவர்களுக்கு

கோச் ஆகிக் கொஞ்ச காலம் கழித்து ஒரு காலை, என்னிடம் கற்கும் பெண்கள் வரிசையாக நின்று அடிப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஸ்விங் சின்னதாக, சுத்தமாக இருந்தது. ஆனால் அடிப்பதற்கு முன் அத்தனை பேரும் வலது தோளை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். தன் ஸ்லைஸ் போகவில்லையே என்று என்னிடம் சேர்ந்த டாக்டரம்மா உட்பட!

"டாக்டரம்மா, உங்க தோளுக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்லியே. நீங்க செய்றீங்களேன்னுதான்..."

"அது என் வலிம்மா. உங்களுக்கு எதுக்கு?"

தொழில் கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான். எந்த வேலையானாலும் சொல்லிக்கொடுப்பவரிடமிருந்து ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய வலியை அவரிடமே விட்டுவிடுங்கள். எது ஆட்டம், எது வலி என்று தெரியவில்லையென்றால், வெட்கப்படாமல் கேளுங்கள். நான் கேட்காமல் பல வருடம் குதித்தவள்.

டாக்டரம்மா கையைத் தோளிலிருந்து எடுத்தார். திரும்பினார், அடித்தார். அந்தப் பந்து என் மூன்றாவது பந்து நின்ற இடத்தையும் தாண்டிப் போனது. வரிசையிலேயே பலமாகக் கை தட்டியது நான்தான்.