மூன்று நாள் ஆமாங்க

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலேசியாவில், ஈப்போவில் ஒரு மளிகைச் சாமான் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அங்கே லாரியில் சாமான் ஏற்றுகிறவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் புத்தகம் வடிவமைப்பதற்காகக் கோலாலம்பூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். லாரிக்கு ஒரு பக்கம். பக்கத்துக்கு இருபது கட்டம். எந்தச் சாமானை ஏற்றினார்களோ அதற்கு நேரே சரி போட வேண்டும். பயன்படுத்தப் போகிறவர்களைக் கேட்டுத்தான் வடிவமைப்பேன் என்றார். கேட்கத் தெரிந்தவர் சொல்ல வேண்டிய வார்த்தை.

மூன்று நாள், காலை ஏழேகாலுக்கு, பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்தினார். கையில் ஃபைலை விரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார். மொழிபெயர்த்தவன் நான். பன்னிரண்டு பேரும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வெளியேறியவர்கள். விடியலில் வரிசையில் நிறுத்தி ஒருவர் ஏட்டைத் திறந்தால் அவர்களுக்கு அது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. அங்கே எதிர்ப்பேச்சு பேசியவனுக்கு அன்று வேலை கிடையாது.

எழுத்து தெளிவாக இருக்கிறதா? "ஆமாங்க." பையில் வைக்க வசதியா? "ஆமாங்க." அவர்களில் ஏழு பேர் கைலி கட்டிய பெண்கள். பையே கிடையாது. முதல் நாள், பக்கத்தின் கடைசி வரிசைக் கட்டம் அவசியமா என்றார். மூன்றாம் நாள், அதை எடுத்துவிடலாமா என்றார். இரண்டுக்கும் அதே பதில். நான் இரண்டையும் நாட்குறிப்பில் நேரத்தோடு எழுதினேன். அவரும் கூச்சமில்லாமல் எழுதிக்கொண்டார்.

கேட்பதை விட்டு ஒரு நாள் லாரி பக்கத்தில் நின்று பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தூசி ஒத்துக்கொள்ளாது என்றார். மூன்று நாளும் அவர் சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை.

அவர் போனபின், பிஸ்கட்டும் பால் டின்னும் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் கேட்டேன்.

"எழுத்து தெரியுமாக்கா?"

"தெரியாது கிராணி."

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

"ஃபைல் வெச்சிருக்கிறவர்கிட்ட தெரியாதுன்னு சொல்லி வேல போனவங்கள நீங்க பாத்ததில்ல லா."

பக்கத்தில் நின்ற லாரி ஓட்டுநர் சிரித்தார். "லாரியத் தலையில தூக்குறியான்னு கேட்டாலும் அக்கா ஆமான்னுதான் சொல்லும்!"

"நீ எறங்கிக்க தம்பி, தூக்கிருவேன். ஒந் தொந்திதான் பாரம்."

புத்தகம் அச்சாகி வந்தது. முதல் வாரமே பாகான் டத்தோவுக்குப் போகும் லாரியில் அக்கா பதினொரு வகைச் சாமானை ஒரு பெட்டி பிசகாமல் ஏற்றினார். புத்தகத்திலோ இருபது கட்டத்திலும் சரி போட்டிருந்தார். தோட்டத்து ஏட்டில் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தால் அன்று ஆள் வரவில்லை என்று கணக்கு. கட்டத்தைக் காலியாக விட அவருக்குக் கை வரவில்லை.

மீதி ஒன்பது வகை எங்கே என்று மேனேஜர் குதித்தார். கடைக்காரர்கள் கேட்டதெல்லாம் வந்து சேர்ந்தது என்று சொன்ன பிறகுதான் திருட்டுப் பேச்சு அடங்கியது. மறுபடி வந்த நிபுணர், ஒவ்வொருவருக்கும் தானே சொல்லிக்கொடுத்ததாகச் சாதித்தார். அவர் செய்தது புத்தகக் கட்டை என் மேசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனது மட்டும்தான். ஆனால் மேனேஜருக்கு ஆங்கிலத்தில் சொன்னதெல்லாம் உண்மை.

அக்காவை அறைக்குக் கூப்பிட்டார்கள். சொல்லிக்கொடுத்தும் இப்படிச் செய்திருந்தால் இன்றோடு சீட்டுக் கிழியும் என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். இவர் சொல்லிக்கொடுத்தாரா என்று அவளிடம் கேள் என்றார். கேட்டேன்.

நிபுணரின் கையில் ஃபைல் திறந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"ஆமாங்க."

"இல்லை என்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.

மேனேஜர் நிபுணர் பக்கம் திரும்பி முறைத்தார். அக்காவை வேலைக்குப் போகச் சொன்னார். என் மொழிபெயர்ப்பில் நான் தெரிந்தே செய்த ஒரே பிழை அது. பயந்துகொண்டே நிபுணரின் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாளில் அக்கா சொன்ன அந்த ஒரு சொல்லை நூறு தடவைக்கு மேல் கேட்டு, ஒவ்வொரு தடவையும் எழுதிக்கொண்டவர். அவர் தலையைக் குனிந்து, ஃபைலில், 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.