கத்தாத கார்

அப்பா கப்பல் வேலைக்குப் போனபின் நானும் அம்மாவும் தூத்துக்குடியில் தாத்தா வீட்டில் இருந்தோம். தாத்தா, அம்மாவைப் பெற்றவர். அப்பாவின் பழைய வெள்ளைக் கார் தாத்தாவின் அறை ஜன்னலுக்கு நேர் கீழே நிற்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் கிரீச்சென்று கத்தும். கொஞ்சம் ஓடியதும் தானாக அடங்கிவிடும். கடல்காற்று ஈரமாக இருக்கும் நாட்களில் கத்தல் தெருக்கோடி வரை கேட்கும்.

முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு அது பெரிதானது சித்தி நோயில் படுத்த பிறகுதான்.

சித்தி அம்மாவின் தங்கை. சங்கு குளிக்கும் ஒருவரை, சர்ச்சுக்குப் போகும் வேதக்காரரை, விரும்பிக் கட்டிக்கொண்டு தெற்கே ஒரு கடலோர ஊருக்குப் போய்விட்டவள். அதன்பின் தாத்தா வீட்டில் அவள் பெயரை எவரும் சொன்னதில்லை. இனி வைத்தியம் பார்த்துப் பலனில்லை என்று ஆஸ்பத்திரியில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, தாத்தா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனார்.

பஸ்ஸில் போய்வந்தால் பாதி நாள் ஓடிவிடும். காரில் போனால் தாத்தா எழுந்து காப்பி கேட்பதற்குள் திரும்பிவிடலாம். முதல் நாள் விடியலில் அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். கார் கத்தியது. மேலேயிருந்து குரல் வந்தது.

“ஏளா, இந்நேரத்துல எங்கன கிளம்புத?”

அம்மாவுக்குத் தாத்தாவிடம் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னால் போக முடியாது. “ஒண்ணுமில்லப்பா” என்று வண்டியை அணைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் தாத்தா வெளியே போனதும் அம்மா பானெட்டைத் திறந்தாள். இன்ஜினை ஓடவிட்டு என்னை உள்ளே உட்காரவைத்து, “லைட்டைப் போடு” என்றாள். போட்டேன். அடங்கியிருந்த சத்தம் மறுபடி எழுந்தது. அணைத்தேன், நின்றது. இன்ஜினை நிறுத்திவிட்டு அம்மா ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினாள். துணி காயப்போடும் கொடிபோல் தொய்ந்தது. துவைக்கிற சோப்பை எடுத்து அதன் ஓரமெல்லாம் தேய்த்தாள். மறுநாள் கார் வாயைத் திறக்கவில்லை, போய்வந்தோம். அதற்கடுத்த நாள் முன்னைவிட மோசமாகக் கத்தியது.

பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். மெக்கானிக் அண்ணாச்சி பெல்ட்டைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார்.

“சோப்பு போட்டா எத்தனை நாளைக்கு நிக்கும்? பாருங்க, தேஞ்சு கண்ணாடி கணக்கா மினுங்குது. பிடிக்காம வழுக்குது, அதான் சத்தம்.”

புது பெல்ட் மாட்டி, முறுக்கி, லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினார். சத்தமே இல்லை.

“விடியக்காலத்துலயும் கத்தாதுல்லா அண்ணாச்சி?”

“கத்தாதும்மா.”

அம்மா திரும்பவும் கேட்டாள். அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார்.

அதன்பின் ஒவ்வொரு விடியலும் போனோம். சித்தி வீட்டு வாசலில் சித்தப்பா எங்களுக்காக நின்றுகொண்டிருப்பார். சித்தி கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தாள். அம்மா அவளை மடியில் சாய்த்து, ஸ்பூனில் கஞ்சி ஊட்டுவாள். இரண்டு வாய் இறங்கும். மூன்றாவது வாய் கடைவாயில் வழியும். ஒருநாள் சித்தி என் விரலைப் பிடித்துக்கொண்டு, “அப்பா எப்படி இருக்காவ?” என்று கேட்டாள். அம்மாதான் பதில் சொன்னாள். சித்தி என் அப்பாவைக் கேட்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு விடியலில் நாங்கள் காரில் ஏறியபோது வெளிக்கேட் திறந்துகிடந்தது. பக்கத்தில் தாத்தா, சட்டை போட்டு, திருநீறு பூசி நின்றிருந்தார். சாவியில் வைத்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. தாத்தா என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை.

“பிள்ள ஏதும் சாப்பிடுதாளா?”

நானே முந்திக்கொண்டு சொன்னேன்: “இப்பம் பசிக்கல தாத்தா. வந்து சாப்பிடுதேன்.”

தாத்தா என் தலையில் கை வைத்தார். பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அம்மா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வசமாக மாட்டிக்கொண்டோம், அதனால்தான் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. அவளைக் காப்பாற்ற வேண்டுமே. திரும்பிப் பார்த்துச் சொன்னேன்.

“நாங்க மீன் வாங்கத்தான் போறோம் தாத்தா.”

தாத்தா வெளியே பார்த்தபடி, “சரிம்மா, போவோம்” என்றார்.

நம்பிவிட்டார் என்ற நிம்மதியில் நான் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.